உலர்ந்த வீட்டுக்கு ஒரு பாம்பு

9 மார்ச் 2025, ஞாயிறு

காலையில் எழுந்ததும் ஈரத்தை உறிஞ்சும் டிஹியூமிடிஃபையரின் வாளியைக் கொட்டினேன். காற்றின் ஈரம் ஹாலில் 39 சதவீதம், என் பெண் மிருதுளா அறையில் 37. நாற்பதைத் தாண்டக் கூடாது என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடமாகிறது. முன்பு இருந்த வாடகை வீட்டில், விடாமல் மழை பெய்த அந்த வருடங்களில் சுவரெல்லாம் பூஞ்சணம் பிடித்தது. அதுவே என் பெண்ணின் நெஞ்சுக்குள்ளும் போய்விட்டது. மூச்சுக்குழாய் அங்கங்கே அகண்டு சளி தேங்கும் வியாதி. சிட்னிப் பக்கம் வென்ட்வேர்த்வில்லில் இப்போது இருக்கும் இந்த வீடு அப்பளம் மாதிரி காய்ந்து கிடக்கிறது. என் உதடு வெடிக்கிறது, வெடிக்கட்டும்.

அவளுக்குப் பதினான்கு வயது. பள்ளிக்கு வாரத்தில் பாதி நாட்கள்தான் போகிறாள். சிநேகிதிகள் ஒவ்வொருத்தியாகக் கழன்றுவிட்டார்கள். இன்று சாப்பிடும்போது, "என் ரூம்ல உயிரோட ஏதாவது ஒண்ணு வேணும்மா" என்றாள். நாய், பூனை, பறவை எதுவும் கூடாது. மீன் தொட்டி என்றால் ஈரம். இதெல்லாம் அவளுக்கே தெரியும். அதனால் பாம்பு என்றாள். அவள் அப்பா கௌரிசங்கர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

15 மார்ச், சனி

மூன்று நாளாக வீட்டில் பாம்புப் பேச்சுதான். இணையத்தில் பாம்பைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் சிபாரிசு செய்யும் கார்ன் ஸ்நேக்கை இங்கே வைத்திருப்பதே குற்றம். இந்த நாட்டுப் பாம்புதான் வேண்டும், அதற்கும் லைசென்ஸ் வேண்டும். சின்னப் பெண் என்பதால் என் பெயரில் விண்ணப்பம் போட்டோம். விமலா கௌரிசங்கர், பாம்பு வளர்ப்பவர். ஈரோட்டில் யாருக்கும் சொல்லப்போவதில்லை.

மிருதுளா ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வருகிறாள். பச்சை மரப் பாம்பு கண்ணைப் பறிக்கிறது, ஆனால் மழைக்காட்டு ஈரம் இல்லாவிட்டால் தோல் உரியாதாம். சிட்னிக்கார மலைப்பாம்பான டயமண்ட் பைத்தான் கட்டிலை விட நீளமாக வளரும். வோமா பாலைவனத்துப் பாம்பு, அவளுக்கு அதன் மூஞ்சி பிடிக்கவில்லை. கடைசியில் நின்றது ஸ்டிம்சன் பைத்தான். நடு ஆஸ்திரேலியாவின் வறண்ட பாறைகளில் வாழ்வது. ஒரு மீட்டருக்குள் நின்றுவிடும், சாது, காய்ந்த காற்று அதற்கு இதம்.

"நமக்கு எது நல்லதோ அதுக்கும் அதேதான் நல்லதும்மா" என்றாள். அவள் 'நமக்கு' என்றது எனக்குப் பிடித்திருந்தது.

5 ஏப்ரல், சனி

லைசென்ஸ் வந்ததும் பென்ரித் பக்கம் ஒருவரிடம் போனோம். டெரன்ஸ் என்று பெயர், ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன், கராஜ் முழுக்கப் பாம்பு. மிருதுளாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: வீட்டில் ஈரம் எவ்வளவு? அவள் 37 என்றதும் மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. பொருத்தமான வீட்டோடு தன்னிடம் வந்த முதல் ஆள் அவள்தானாம். சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் போதும், தோல் உரிக்கும் நாட்களில் மட்டும் ஒரு ஈரப் பெட்டி, மற்றபடி ஒரு சொட்டு நனையக் கூடாது, நனைந்தால் நுரையீரலில் பிடித்துக்கொள்ளும் என்றார்.

உங்கள் ஊரில் பாம்புக்குப் பால் ஊற்றுவார்களாமே என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நாங்கள் மூவரும் சிரித்தோம். என் சிரிப்புதான் சத்தமாக இருந்தது.

வறுத்த ரொட்டி நிறத்தில் இருப்பதால் டோஸ்ட் என்று பெயர் வைத்துவிட்டாள்.

26 ஏப்ரல், சனி

நாங்கள் முட்டைகூட வாங்காத வீடு. இப்போது கராஜில் ஒரு குட்டி ஃப்ரீசர், அதற்குள் பொட்டலம் பொட்டலமாக எலிக்குஞ்சு. கௌரிசங்கர் அதைத் திறக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறார். உறைந்த எலிக்கு வாசனையே கிடையாது.

மிருதுளா தினமும் காலையில் டோஸ்டின் தொட்டியிலுள்ள ஈர மீட்டரைப் பார்த்து முந்தின நாளின் அதிகபட்ச ஈரத்தை எழுதிவைக்கிறாள். அது முடிந்ததும், சொல்லாமலே, நெபுலைசரைப் போட்டுக்கொண்டு சளியை இளக்கும் உப்புநீர் மருந்தை இழுக்கிறாள். டோஸ்ட் அவள் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு வருடம் கெஞ்சியும் மிரட்டியும் நடக்காத காரியம் இது. இப்போது முழுதாக நான்கு இட்லி சாப்பிடுகிறாள்.

12 ஜூன், வியாழன்

ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள். ஜுரம், சளியில் ரத்தம். ஊதிப் பார்த்ததில் நுரையீரல் திறன் 64 சதவீதம். ஏப்ரலில் 71 இருந்தது. மருந்தெல்லாம் ஒழுங்காக எடுக்கிறாளே, ஏன்? டாக்டர் பெண் பொறுமையாக, சில சமயம் காரணம் இருக்காது என்றாள். காரணம் இல்லாமல் எப்படி இருக்கும்? பஸ் டிக்கெட் மென்பொருளில் தப்பு கண்டுபிடிப்பது என் வேலை. பன்னிரண்டு வருடத்தில் காரணம் இல்லாத தப்பை நான் பார்த்ததில்லை.

17 ஜூன், செவ்வாய்

வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அண்ணன் ஈரோட்டிலிருந்து ஜோசியரைப் போனில் பிடித்துக் கொடுத்தான். பாம்பு வளர்ப்பதை அண்ணனிடமே நான் சொன்னதில்லை. ஜோசியர் எடுத்த எடுப்பில் நாக தோஷம் என்றார், பிள்ளைக்கு நெஞ்சில் கண்டம் என்றார். வீட்டில் பாம்பு இருப்பதை நானே உளறினேன். "உயிருள்ள நாகத்தை அடைச்சு வெச்சிருக்கீங்க. வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை பாலும் மஞ்சத்தண்ணியும் விட்டுக் கும்பிடுங்கம்மா" என்றார்.

அது நாகமே இல்லை, பைத்தான். எனக்குத் தெரியும்.

20 ஜூன், வெள்ளி

செய்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு வீட்டிலிருந்தே வேலை. அவர் ஆபீஸ் போய்விட்டார், இவள் பள்ளிக்கு. ஒரு குட்டிக் கிண்ணம் மஞ்சள் தண்ணீர், இரண்டு ஸ்பூன் பால். தலையில் படாமல் உடம்பில் விட்டேன். அது அசையாமல் இருந்தது. டிஷ்யூவால் துடைத்து, தொட்டியில் நனைந்த மரத்தூளைக் கொஞ்சம் அள்ளி வெளியே போட்டேன். இவ்வளவுதானே. இரண்டு ஸ்பூனில் என்ன ஆகிவிடும்? அது வாழும் பாறைமேல் மழையே பெய்யாதா?

என் புத்திக்குத் தப்பென்று தெரிகிறது. ஆனால் கும்பிட்டு எழுந்தபோது நெஞ்சு லேசாகியது. அதையும் எழுதிவிடுகிறேன்.

1 ஜூலை, செவ்வாய்

70! இரண்டு வாரத்தில் 64-லிருந்து 70. நரம்பு வழியாகக் கொடுத்த மருந்து வேலை செய்கிறது என்கிறார் டாக்டர். செய்யட்டும். நான் வாயைத் திறக்கவில்லை.

18 ஜூலை, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. இன்று ஒரு ஸ்பூன் கூடுதலாக.

19 ஜூலை, சனி

மிருதுளா நோட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். நான்கு வாரமாக எல்லா நாளும் நாற்பதுக்குள், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் எண்பதாம். மீட்டர் கோளாறு என்று விட்டிருக்கிறாள். நேற்றும் 84 காட்டியதும் உட்கார்ந்து யோசித்து, தானே காரணமும் கண்டுபிடித்துவிட்டாள். வெள்ளி மாலை நெஞ்சுச் சளி எடுக்கும் பிசியோ என்பதால் அன்று மட்டும் இரண்டு முறை மருந்து இழுக்கிறாள். அந்த நெபுலைசர் புகைதான் தொட்டிக்குள் போகிறதாம். இனி மருந்தை ஹாலில் வைத்து இழுக்கப் போகிறாள்.

நான் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நல்லதுடா, அப்படியே செய் என்றேன். 'நல்லதுடா' என்றேனே. என் பெண் என்னைவிட நல்ல டெஸ்டர், தப்பான இடத்தில் தேடுகிறாள், அவ்வளவுதான்.

25 ஜூலை, வெள்ளி

அரை ஸ்பூன்தான் விட்டேன். நன்றாகத் துடைத்தேன். பாதியில் நிறுத்தினால் தோஷம் கூடும் என்று ஜோசியர் சொன்னதால்தான். ஆடி முடியட்டும்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

டோஸ்ட் வாயைத் திறந்தபடி தலையைத் தூக்கிக்கொண்டே இருக்கிறது. மூக்கில் சின்னச் சின்ன நீர்க்குமிழி. இரண்டு வாரமாக எலியைத் தொடவில்லை. மூச்சு விடும்போது கீச் கீச்சென்று ஒரு சத்தம். இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். இதை நான் ஒரு குழந்தையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டிருக்கிறேன்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

பிளாக்டவுன் தாண்டி ஒரு மிருக டாக்டரின் கிளினிக். நுரையீரலில் சீழ் கட்டியிருக்கிறது. டாக்டர் மரத்தூளை முகர்ந்து பார்த்தார், வயிற்றுச் செதிலில் மஞ்சள் கறையைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். மிருதுளா, தெரியவில்லை, எல்லாம் என் நெபுலைசரால்தான் என்று அழ ஆரம்பித்தாள். டாக்டர் குழம்பிப் போய் எங்களைப் பார்த்தார். கௌரிசங்கர் அந்த மஞ்சளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து கார் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

நானே சொல்றேன், டோஸ்டுக்கு உடம்பு தேறட்டும் என்றேன். ஆடி முடியட்டும் என்றது போல அதற்கும் ஒரு தேதி வைத்தேன்.

9 ஆகஸ்ட், சனி

டோஸ்ட் போய்விட்டது. கொல்லையில் எலுமிச்சைக்குப் பக்கத்தில் அவளே குழி தோண்டினாள். பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். மீதியை அவர் தோண்டினார். இன்றும் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? வாய் வரைக்கும் வந்தது.

14 ஆகஸ்ட், வியாழன்

ஆஸ்பத்திரி. மறுபடி ரத்தம். ஊதியதில் 55. ஸ்கேனைப் பார்த்த டாக்டர், உப்புநீர் மருந்தை எவ்வளவு நாளாக நிறுத்தியிருக்கிறாய் என்று நேராக அவளிடமே கேட்டார். நான், இல்லை டாக்டர், தினமும் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறதே என்றேன்.

ஓடியிருக்கிறது. காலியாக.

ஜூலை கடைசியிலிருந்தாம். ஹாலுக்கு மாற்றிய பிறகும் வெள்ளிக்கிழமை எண்பது காட்டியதாம். அதனால் வீட்டுக்குள் எங்கே இழுத்தாலும் ஆவி தொட்டிக்குள் போகிறது என்று முடிவு கட்டி, மருந்தை சிங்க்கில் கொட்டிவிட்டு, எங்களுக்குச் சந்தேகம் வராமல் வெறும் மெஷினை ஓட விட்டிருக்கிறாள். டோஸ்ட் போன பிறகு? அதன் பிறகு இழுக்கவே பிடிக்கவில்லையாம். "அதுக்கு என்னாலதானேம்மா அப்படி ஆச்சு" என்றாள்.

ஐயோ, எம் பொண்ணே. நான் என்ன பண்ணிட்டேன். அவ மூச்சுக்குன்னு ஊத்தினேன், அது அவ மூச்சையே வாங்கிட்டுப் போயிடுச்சு.

அப்போதே சொன்னேன். கட்டிலைப் பிடித்துக்கொண்டு பால், மஞ்சள், ஜோசியர், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. ஆக்ஸிஜன் குழாயைச் சரி செய்துகொண்டாள்.

"எத்தனை வெள்ளிக்கிழமை?"

ஏழு என்றேன்.

"நான் ஹாலுக்கு மாத்தினப்புறமும் ஊத்தினியா?"

ரெண்டு தடவை என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அப்பாவைக் கூப்பிடு, நீ போ என்றாள்.

2 செப்டம்பர், செவ்வாய்

58. இனிமேல் 70-க்கெல்லாம் போகாது, நுரையீரலில் ஒரு பக்கம் தழும்பாகிவிட்டது என்றார் டாக்டர். இந்தத் தடவை காரணம் என்ன என்று நான் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு இராஜேஸ்வரி அன்ரி சூப் வைத்துக்கொண்டு வந்தார். நான் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். யாழ்ப்பாணத்தில் தானும் புற்றுக்குப் பால் வைத்தவர்தான். "பயம் வந்தா நாங்கள் எல்லாரும் இப்பிடித்தான், பிள்ளை. ஆனா அண்டைக்கே நீர் சொல்லியிருக்க வேணும்" என்றார். ஆறுதலாக ஒன்றும் சொல்லாததற்கு அவருக்கு நன்றி சொன்னேன்.

12 அக்டோபர், ஞாயிறு

டெரன்ஸிடமிருந்து இன்னொரு ஸ்டிம்சன். இந்தத் தடவை லைசென்ஸ் அவள் அப்பா பெயரில். பெயர் என்ன வைத்திருக்கிறாள் என்று எனக்குச் சொல்லவில்லை. அவளோ அப்பாவோ இல்லாதபோது நான் வீட்டில் தனியாக இருக்கக் கூடாது, இதுதான் ஒரே நிபந்தனை. கத்தவில்லை, பள்ளி டைம்டேபிளைச் சொல்வது போலச் சொன்னாள். வெள்ளிக்கிழமை இனி ஆபீஸுக்கு வருகிறேன் என்று மேனேஜருக்கு எழுதிவிட்டேன்.

14 நவம்பர், வெள்ளி

பாரமட்டா ஆபீஸில் மதியம் கரண்ட் போய் எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். ரயிலில் வந்து இறங்கியபோது மணி இரண்டு. மிருதுளா மூன்றரைக்குத்தான் வருவாள். சாவி என் கையில்தான் இருந்தது. வாசல் படியில் உட்கார்ந்தேன். மழை சாய்வாக அடித்து ஒரு பக்கம் நனைந்துவிட்டது. அங்கே உட்கார்ந்தபடி இதில் பாதியை எழுதினேன்.

அவள் வந்தாள். என்னையும், என் நனைந்த புடவையையும், கையிலிருந்த சாவியையும் பார்த்தாள். தன் சாவியால் கதவைத் திறந்து உள்ளே போனாள். அறைக்குள் போகும் சத்தம், தொட்டி விளக்கைப் போடும் சத்தம், நோட்டைப் புரட்டும் சத்தம். நான் படியிலேயே நின்றேன்.

"முப்பத்தாறு" என்று உள்ளிருந்து குரல் வந்தது. கொஞ்சம் கழித்து, "உள்ள வரலாம்."

செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன். அதற்குள் அவள் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நெபுலைசரைப் போட்டிருந்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். மெஷின் சத்தத்துக்கு நடுவில் அவள் மருந்தை இழுத்து விடுவதும் கேட்டது.