உன் பெயரைத் தேடும் சோதனை

இன்று காலை என் திரையில் உன் பெயர் சிவப்பாக நின்றது.

ரேவதி புதிதாக எழுதிய நிரலைச் சேர்த்துவிட்டு, அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் எல்லாச் சோதனைகளையும் வழக்கம்போல ஓடவிட்டிருந்தாள். மற்றதெல்லாம் சரி என்று பச்சையாகப் போக, ஒன்று மட்டும் தப்பு என்று சிவப்பாக விழுந்தது. "எதிர்பார்த்தது: வணக்கம்" என்று தொடங்கி, அடுத்து உன் முழுப்பெயர். அதன் கீழே, "வந்தது: வணக்கம் செ." மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த ஒற்றை எழுத்தைப் பார்க்கிறேன்.

ரேவதி உன்னைப் பார்த்ததில்லை. நீ போன பிறகு சேர்ந்தவள். "அக்கா, இது பழைய டெஸ்ட்டு. முன்ன இருந்தவங்க யாரோ அவங்க பேரைப் போட்டு எழுதியிருக்காங்க. தூக்கிரட்டுமா?" என்று கேட்டாள். அந்த 'யாரோ' சுருக்கென்று தைத்தது. அவள் மேல் தப்பில்லை. இங்கே உன்னைப் பற்றி வாயே திறக்காமல் இருந்தது நான்தான். அது ஏன் என்று உனக்கு மட்டும்தான் தெரியும்.

ராயக்கோட்டை சாலையில் டயர் கடைக்கு மேலே நாம் ஐந்து பேர் உட்கார்ந்திருந்த அதே அறைதான் இப்போதும். நீ மத்திகிரிக்காரி. வீட்டில் தெலுங்கு, டவுன் பஸ்ஸில் கன்னடம், என்னிடம் தமிழ். நான் விருதுநகர்ப் பக்கம். வாய் தவறி 'அங்கிட்டு' என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அன்று முழுக்க உனக்கு அதுதான் தீனி.

வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றுக்குப் பயிற்சி ஆட்களை எடுக்க ஒரு இணையதளம் செய்தோம். விண்ணப்பித்தவர்களுக்கு நேர்முகத் தேர்வு அழைப்பு மெயிலில் போகும். அந்த மெயிலை அனுப்பும் பகுதி என்னுடையது, சோதிப்பது உன் வேலை. மெயில் கிளம்பியதா என்று பார்க்க ஒரே ஒரு வரி சோதனை எழுதி, முடிந்தது என்று உன்னிடம் காட்டினேன்.

"மெயில் போச்சான்னு மட்டும் பாத்திருக்க. உள்ள என்ன போச்சு?"

"எல்லாம் சரியாப் போயிருக்கும்."

"போயிருக்கும்னு சொல்றதுக்கு டெஸ்ட்டு எதுக்கு?" என்று சிரித்தாய்.

மெயில் வெளியே போகாமல் நம்மிடமே வந்து விழ ஒரு மெயில் பெட்டி வைத்தாய். அதைத் திறந்து வரி வரியாகப் படிக்கும் சோதனைகளை எழுதினாய். பெயர் சரியா, நாள் சரியா, எந்த கேட், கம்பெனி பஸ் எங்கே நிற்கும், கொடுத்த லிங்க் திறக்கிறதா. விண்ணப்பிக்க ஓர் ஆள் வேண்டுமே என்று உன் பெயரையே போட்டாய். படிவத்தில் பெயருக்கு இரண்டு கட்டம். முதலாவதில் உன் அப்பா சென்னப்பாவின் 'செ', இரண்டாவதில் உன் பெயர். இனிஷியல் முன்னால், பெயர் பின்னால், நம் ஆட்கள் எழுதுகிற வரிசை. என் நிரலோ முதல் கட்டத்தில் இருப்பதுதான் பெயர் என்று நம்பி, உன்னை "வணக்கம் செ." என்று கூப்பிட்டது.

"யாரு இப்படி எழுதுவாங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

"நானு. எங்க தெருவுல எல்லாருந்தான். உங்க அங்கிட்டு எப்படி?"

எங்கள் ஊரிலும் அப்படித்தான். அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

அன்று மாலை ஒப்படைக்க வேண்டும். நீ ரத்தப் பரிசோதனைக்கு என்று மத்தியானமே கிளம்பிவிட்டாய். சும்மா அசதிதான், வேறொன்றுமில்லை என்றாய். நீ படியிறங்கிய பிறகு, விழுந்துகொண்டிருந்த அந்த ஒரு சோதனையை மட்டும் ஓடாமல் நிறுத்திவைத்தேன். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். திரை முழுக்கப் பச்சையானது. நம் முதலாளி, சார், பார்த்துச் சந்தோஷப்பட்டார். மெயில்கள் போயின.

அடுத்த திங்கட்கிழமை, மெயிலின் அடியில் இருந்த நம் நம்பருக்கு ஒரு பெண் கூப்பிட்டாள். கம்பெனி கேட்டில் தன்னை உள்ளே விடவில்லை என்றாள். நீ போனை வைத்தாய், ஸ்கூட்டி சாவியை எடுத்தாய், என்னைப் பார்த்து "வா" என்றாய்.

மஞ்சுளா தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். கேட்டுக்கு வெளியே புங்க மரத்தடியில் ஃபைலை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். செக்யூரிட்டி அவளுடைய போனை நம்மிடம் நீட்டினார். "மெயில்ல 'வணக்கம் கி.'னு இருக்குது. ஆதார்ல மஞ்சுளான்னு இருக்குது. பேரு ஒத்துப்போனாத்தான் உள்ள வுடணும்னு எனக்கு ஆர்டருங்க."

நீ அவரிடம் கன்னடத்தில் பேசினாய், உள்ளே இருந்த அதிகாரியிடம் போனில் தெலுங்கில் பேசினாய். ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் தேர்வு முடிந்துவிட்டது. அடுத்த பேட்ச்சில் பார்க்கலாம் என்றார்கள்.

"பரவால்லைங்கக்கா. நான்தான் ஃபாரத்தைத் தப்பா எழுதிட்டேன் போல" என்றாள் மஞ்சுளா.

"இல்லம்மா, நீ சரியாத்தான் எழுதுன. நாங்கதான் தப்பாப் படிச்சோம்" என்றாய் நீ.

அந்தச் சோதனையை யார் நிறுத்தியது என்று நீ தேட வேண்டியதே இல்லை. என் பெயரிலேயே பதிவாகியிருந்தது. சாயங்காலம் சார் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக் கேட்டபோது, "டெஸ்டிங்ல வுட்டுப்போச்சு சார். என் மேலதான் தப்பு" என்றாய். அவர் உன்னைத் திட்டிய திட்டு கீழே டயர் கடை வரை கேட்டிருக்கும். நான் குனிந்து கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மாடிப்படியில் உன்னிடம் பேச வாயெடுத்தேன். "சரி வுடு. நாளைக்கு அதைச் சரிபண்ணி ஓட வை" என்றாய். மறுநாள் அப்படியே செய்தேன். அதே வாரம் உன் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அதன் பிறகு எட்டு மாதம், பெங்களூரு ஆஸ்பத்திரிக்கும் மத்திகிரிக்குமாக அலைந்தாய். சாரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு எட்டு மாதம் இருந்தது. சொல்லவில்லை. உன் காரியத்துக்கு அவரோடு ஒரே காரில் வந்தேன், அப்போதும் சொல்லவில்லை.

இன்று சார் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பெட்டி மாம்பழத்தோடு வந்தார். அங்கே ஒரு மாங்கூழ் ஆலை, சீசனுக்கு ஆள் எடுக்க நம் இணையதளத்தை வாங்கியிருக்கிறது. அதற்காக ரேவதி மாற்றி எழுதிய வரியில்தான் என் பழைய தப்பு திரும்ப வந்திருந்தது. "சாயங்காலம் மெயில் போயாகணும். ஒரு டெஸ்ட்டுதானம்மா, அப்புறமா பாத்துக்கலாம்" என்றார்.

"வேண்டாம் சார்" என்றேன். "அன்னைக்கும் இதே டெஸ்ட்டுதான். அதை நிறுத்தி வச்சது நானு. அவ இல்ல."

ரேவதி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சார் கையிலிருந்த பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அந்தப் பொண்ணை அன்னைக்கு என்ன பேச்சு பேசிட்டேன்" என்றார். பிறகு, "சரிபண்ணிட்டே அனுப்புங்க. நான் ஆலைக்காரங்ககிட்ட நேரம் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மஞ்சுளா அடுத்த பேட்ச்சிலாவது சேர்ந்தாளா என்று நான் இதுவரை விசாரித்ததில்லை. விசாரித்திருக்க வேண்டும். அவளுடைய நம்பர் நம் பதிவில் இருக்கிறது. நாளைக்குக் கூப்பிடப் போகிறேன்.

மத்தியானத்துக்குள் ரேவதி சரிசெய்துவிட்டாள். சோதனை பச்சையானது. அதோடு விடாமல், நீ செய்வதுபோல மெயில் பெட்டியைத் திறந்து மெயிலைக் கடைசி வரை படித்தேன். இந்தப் பழக்கம் உன்னிடமிருந்து எனக்கு வந்தது. கேட்டில் நின்றுகொண்டு படிப்பதாக நினைத்துத்தான் இப்போதெல்லாம் ஒவ்வொரு மெயிலையும் படிக்கிறேன். வணக்கம் என்று தொடங்கி உன் முழுப்பெயர். கீழே, திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு வரவும், இந்த மெயிலைக் காட்டினால் உள்ளே விடுவார்கள்.

"அந்த அக்கா எப்படி இருப்பாங்க?" என்று ரேவதி கேட்டாள். மாம்பழத்தை நறுக்கிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தேன். சிரித்தும் அழுதும் பெட்டியில் பாதிப் பழம் தீர்ந்துவிட்டது.

உன் பெயரை எடுக்கவில்லை. நீ வரமாட்டாய் என்று அந்த நிரலுக்குத் தெரியாது. ஒரு நாளைக்குப் பத்து தடவை உன்னைப் பெயர் சொல்லி அழைக்கிறது. அதில் ஒரு எழுத்து குறைந்தாலும் இங்கே எல்லோருடைய வேலையும் நிற்கும்.