ரதர்கிளெனில் தங்க ஓர் இடம்

அன்பின் அத்தான்,

ஐப்பசிக் கடைசியில் நானும் அக்காவும் வாசுகியும் மெல்பேணிலிருந்து ரதர்கிளெனுக்கு மூன்று இரவு தங்கப் போனோம். முதல் இரவு மோட்டலில் தங்கினோம். மற்ற இரண்டு இரவும் மாப்பிள்ளை வீட்டில் தங்கினோம். இரண்டுக்கும் நடுவில் நடந்ததை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் தமிழ்ச் சங்க மலரில் இடம் தந்திருக்கிறார்கள். நாலு பேர் படிப்பார்கள், படிக்கட்டும். அக்கா வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க விட்டார்.

மாப்பிள்ளை வீடு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். பையன் பெயர் பீட்டர். உங்கள் மகள் வாசுகி படிப்பிக்கும் டண்டினோங் பள்ளிக்கூடத்தில் அவனும் விஞ்ஞானம் படிப்பிக்கிறான். வெள்ளைக்காரப் பிள்ளை. தகப்பனுக்கு ரதர்கிளெனில் திராட்சைத் தோட்டம். வைன் செய்து விற்கிற குடும்பம்.

அக்கா ஆறு மாதம் அழுதார். பிறகு ஒரு நாள், "அவையின்ர வீட்டைப் போய்ப் பாப்பம், தம்பி" என்றார். பார்த்து அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்றால் அவனை விட்டுவிடுகிறேன் என்று வாசுகி வாக்குக் கொடுத்தாள். அவள் சொன்னால் செய்கிறவள். அதுதான் எனக்குப் பயம். அந்தப் பையனை ஒரு வருடமாக என் பலசரக்குக் கடையில் பார்த்து வருகிறேன். எனக்கு அவனைப் பிடிக்கும்.

பீட்டரின் தாய் மொறீன் கடிதம் எழுதியிருந்தார்: வீட்டில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது, வந்து எங்களோடு தங்குங்கள் என்று. அக்கா கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்:

"பேச்சு முடியாமல் அங்கை போய்க் கை நனைக்கிறதோ? அவர் இருந்தால் விடுவாரோ?"

உங்கள் பெயரால் அந்த அழைப்பை மறுத்தோம், அத்தான். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. கொழும்புப் புறக்கோட்டையில் செத்தல் மிளகாய் வாங்கப் பழகிய காலத்திலிருந்து, சரக்குப் பார்க்கப் போன இடத்தில் தேத்தண்ணி குடிக்காதவன் நான். குடித்தால் பிறகு வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. "வேறு இடம் ஒழுங்கு செய்திருக்கிறோம், நன்றி" என்று இரண்டு வரி எழுதிப் போட்டேன். காரணம் எழுதவில்லை. பிழை அங்கேதான் தொடங்கியது.

பிறகு இடம் தேடினேன். ஊர் நடுவில் ஒரு பழைய ஹோட்டல், கீழே பார், மேலே அறைகள். பியர் நாற்றத்துக்குள்ளால் ஏறிப் போக அக்கா சம்மதிக்க மாட்டார். குளக்கரையில் தங்குகிற கரவன் வண்டி இருந்தது. குளிக்க வெளியே நடக்க வேண்டும். இன்னொரு இடத்துக்கு நான் தொலைபேசி எடுத்தபோது, பெயரைக் கேட்டுவிட்டு அறைகள் எல்லாம் நிரம்பிவிட்டன என்றார்கள். பத்து நிமிடம் கழித்து வாசுகி எடுத்தாள். அவளுடைய இங்கிலீசுக்கு நாலு அறை இருந்தது. அந்த இடத்தை வெட்டினேன். எனக்கு விற்க மனமில்லாதவனிடம் நான் வாங்குவதில்லை.

கடைசியில் ஊர் எல்லையில் ஒரு மோட்டல். வாசலில் 'கலர் டிவி உண்டு' என்று பெரிய பலகை. உங்கள் பச்சைக் காரில்தான் போனோம். இன்னும் ஓடுகிறது, மேட்டில் மட்டும் முனகுகிறது. கையெழுத்துப் போட முன் அறையைப் பார்க்க வேண்டும் என்றேன். மெத்தையை அமத்திப் பார்த்தேன், இரண்டு குழாயையும் திறந்து பார்த்தேன், துவாயை மணந்து பார்த்தேன்.

"நீங்கள் தங்க வந்தீர்களா, வாங்க வந்தீர்களா?" என்று மோட்டல்காரி கேட்டாள்.

"காலையில் சொல்கிறேன்" என்றேன்.

அன்று மாலை ஆறு மணிக்கு, வெயில் இருக்கும்போதே தோட்டத்துக்குப் போனோம். கொடிகள் துளிர்த்திருந்தன, குலைகள் பச்சை மிளகளவுகூட வரவில்லை. உள்ளே மேசையில் வெள்ளை விரிப்பு, மூடி வைத்த பாத்திரங்கள், ஏழெட்டுக் கதிரைகள். அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாங்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம் என்றேன். தேத்தண்ணியாவது என்றார் மொறீன். அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தண்ணீர்? அதற்கும் ஆட்டினார்.

நம் ஊரென்றால் மூன்றாம் தரமும் நாலாம் தரமும் கேட்பார்கள். நாங்களும் ஏதாவது சமாளித்திருப்போம். இவர்கள் இரண்டு தரம் கேட்டால் போதும் என்று நினைக்கிற சனம். இவ்வளவு காலம் இவர்களோடு வியாபாரம் செய்கிற எனக்கு அது நினைவில் வரவேண்டாமா? மொறீன் பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்தார். தகப்பன் ஜாக் யன்னல் வழியே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடத்தில் எழுந்துவிட்டோம்.

காரில் வாசுகி ஒன்றுதான் சொன்னாள். "அவை உங்களை என்ன செய்தவை, மாமா? ஷீ குக்ட் ஆல் டே."

நான் மோட்டல் பக்கம் காரைத் திருப்பினேன்.

அந்த மோட்டலில் காலைச் சாப்பாடு தருகிற விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சுவரில் ஒரு சின்னக் கதவு. வெளியிலிருந்து ஒரு கை தட்டை உள்ளே தள்ளிவிட்டுக் கதவை மூடிவிடும். யாருடைய கை என்றுகூடத் தெரியாது. அக்கா தன் ரோஸ்ட் பாணைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மறியல்லை கைதியளுக்குச் சாப்பாடு குடுக்கிற மாதிரியெல்லோ கிடக்கு" என்றார்.

அப்போது பீட்டர் வந்தான். அறைக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்றான். இரவு நித்திரை கொள்ளாத முகம்.

"அங்கிள், வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்லியிருக்கலாம்" என்றான். "எங்கள் வீடு துப்பரவில்லை என்று நீங்கள் எண்ணியதாக அம்மா நினைக்கிறார். உங்களுக்காக அறைக்கு வர்ணம் பூசினார். ஆன்ரி மாமிசம் சமைத்த சட்டியில் சாப்பிடமாட்டார் என்று நான்தான் சொன்னேன். அதற்காக மூன்று சட்டி புதிதாக வாங்கி, அதில்தான் எல்லாம் சமைத்தார்."

"என்னவாம்?" என்று அக்கா கேட்டார். வாசுகி தமிழில் சொன்னாள்.

"புதுச் சட்டியோ?"

"ஓம், அம்மா. மூண்டு."

"எங்களுக்கெண்டு வாங்கினதோ?"

"ஓம்."

அக்கா பாணைத் தள்ளி வைத்தார். "தம்பி, பெட்டியளைக் கட்டு."

பீட்டருக்கு அவ்வளவு தமிழ் விளங்கும். அவன் முகம் விழுந்துவிட்டது. வாசுகி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "மெல்பேணுக்கோ, அக்கா?" என்று கேட்டேன்.

"உனக்கென்ன விசரோ? அவையின்ர வீட்டுக்கு. ஆனால் பேச்சு முடியாமல் நான் காரை விட்டு இறங்க மாட்டன். நீ போய் முடி."

அப்படியே நடந்தது, அத்தான். தோட்டத்து முற்றத்தில் உங்கள் காரை நிறுத்தினேன். முன் ஆசனத்தில் அக்கா, பின்னால் பெட்டிகள். நான் மட்டும் இறங்கி, ஜாக் வைன் வைத்திருக்கிற தகரக் கொட்டகைக்குள் போனேன். கூரை முட்டப் பீப்பாக்கள். அவர் ஒரு கதிரையைத் தூசி தட்டித் தந்தார். வியாபாரத்தில் சுற்றி வளைத்துப் பேசத் தெரிந்த நான் அன்றைக்கு நேராகவே சொன்னேன்: சம்பந்தம் பேசப் போன வீட்டில் சரி சொல்ல முன் எங்கள் ஆட்கள் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டால் சரி என்று அர்த்தம்.

ஜாக் திருப்பிக் கேட்டார்: "அப்படியென்றால் நேற்றுச் சாப்பிடாததற்கு வேண்டாம் என்று அர்த்தமில்லை?"

"இல்லை. இன்னும் பேசவில்லை என்று அர்த்தம்."

"இதை நேற்றே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்" என்றேன். வேறு என்ன சொல்ல?

"என் மகனில் உங்களுக்கு என்ன குறை?" என்று கேட்டார்.

"அரிசி மூட்டை தூக்கச் சொன்னால் தூக்குகிறான். மிச்சக் காசை எண்ணிப் பார்க்காமல் பைக்குள் போடுகிறான். அது ஒன்றுதான்" என்றேன். அவர் சிரித்தார். அவரிடமும் அதையே திருப்பிக் கேட்டேன். தனக்கும் மொறீனுக்கும் முதலில் மனம் ஒப்பவில்லை என்றார். பிறகு போன குளிருக்கு ஒரு சனிக்கிழமை வாசுகி வந்து, நாள் முழுக்க அவர்களோடு கொடி வெட்டினாளாம். கை வெடித்து இரத்தம் வந்தும் ஒரு வார்த்தை முறையிடவில்லையாம்.

"எந்தச் சனிக்கிழமை?" என்று கேட்டேன். அவர் சொன்னது, பள்ளிக்கூட வேலை என்று அவள் எங்களிடம் சொல்லிவிட்டுப் போன அதே சனிக்கிழமைதான்.

சாதி கேட்க அங்கே வழியில்லை. நானும் கேட்கவில்லை. நீங்கள் என்றால் கேட்டிருப்பீர்களா? எதைக் கேட்டிருப்பீர்கள்? திரும்பி வரும்போது வழி முழுக்க இதைத்தான் யோசித்தேன். சீதனம் பற்றிச் சொன்னேன். நீங்கள் நோபல் பார்க்கில் வாங்கின வீட்டை அக்கா வாசுகிக்கு எழுத நினைத்திருக்கிறார் என்றேன். "அது அந்தப் பிள்ளையின் வீடு. எங்களுக்கு ஏன் சொல்கிறீர்கள்?" என்றார் ஜாக். எழுந்து கை கொடுத்தோம். பீப்பாவிலிருந்து ஒரு சின்னக் கிளாசில் ஊற்றித் தந்தார். கறுப்பாக, பனம்பாணியில் திராட்சை வற்றலை ஊற விட்டதுபோல் இருந்தது. அரிசிப் பேணிக்குப் பின்னால் 'குளிருக்கு' என்று நீங்கள் ஒளித்து வைத்த பிரண்டி அதற்குப் பக்கத்தில் நிற்காது. அந்தப் போத்தலைக் காணாத மாதிரி இருந்த அக்கா, என் வாய் மணத்தையும் காணாத மாதிரியே இருந்தார்.

"முடிஞ்சுது, அக்கா. இறங்குங்கோ."

அக்கா இறங்கி, நேரே குசினிக்குள் போய்க் குழாயில் கை கழுவினார். நேற்றைய சமையலை மொறீன் சூடாக்கினார். வீட்டில் நேற்றைய கறியைத் தொடாதவர் அக்கா. அன்று உருளைக்கிழங்கும் போஞ்சியும் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார். மொறீன் உட்காராமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசுகி, நல்லா இருக்கெண்டு சொல்லு" என்றார் அக்கா. "உப்புக் காணாதெண்டு சொல்லிப்போடாதை."

வாசுகி வாய் திறக்க முன் பீட்டர் உப்புப் போத்தலை எடுத்து அக்காவுக்கு முன்னால் வைத்தான். மேசையில் முதலில் சிரித்தது அக்காதான். "இவனுக்கு முன்னால இனி ஒண்டும் கதைக்கேலாது போல."

அறைக்கு இளமஞ்சள் வர்ணம். பெயின்ற் மணம் இன்னும் போகவில்லை. யன்னலைத் திறந்தால் கொடி வரிசைகள். மெத்தையை அமத்திப் பார்க்கக் குனிந்தவன் வெட்கப்பட்டு நிமிர்ந்துவிட்டேன். மோட்டலில் பெட்டியை விட்டு வெளியே எடுக்காத உங்கள் படத்தை அக்கா அங்கே எடுத்து யன்னல் விளிம்பில் வைத்தார். திங்கட்கிழமை புறப்படும்போது எடுத்துவர மறந்துவிட்டார். மறந்தாரா என்று நான் கேட்கவில்லை. இப்போது நீங்கள் அங்கேதான் இருக்கிறீர்கள்.

புறப்பட முன் அறை வாடகையைப் பற்றிப் பேசினேன். எங்கும் சும்மா தங்கிப் பழக்கமில்லை என்றேன். ஜாக் கோபிக்கவில்லை, வியாபாரி வியாபாரியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டு, தன் விலையைச் சொன்னார். நான் குறைத்துக் கேட்கவில்லை. பேசி முடித்தது எல்லாவற்றையும் உங்களுக்கு முன்னால் எழுதி வைக்கிறேன். நான் உயிரோடு இருக்கும்வரை இதில் ஒன்றும் மாறாது.

கலியாணம் வைகாசியில், பழம் பிடுங்கி முடிந்த பிறகு. தாலி நோபல் பார்க்கில், பள்ளிக்கூட மண்டபத்தில், பதிவு ரதர்கிளெனில். சீதனம் இல்லை. புதுச் சட்டி மூன்றும் அக்காவுக்கு. மொறீன் அவற்றில் மாமிசம் சமைப்பதில்லை. ரதர்கிளென் போனால் நாங்கள் இனி மோட்டலில் தங்குவதில்லை. அறைக்கு ஜாக் சொன்ன வாடகை, அக்கா வறுத்து இடித்த மிளகாய்த் தூள், வருடத்துக்கு ஐந்து றாத்தல். ஒவ்வொரு தையிலும் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

வாசுகியின் தாய்மாமன்,
உங்கள் மச்சான் நடேசு