சக்கரத்துக்குத் தண்ணீர்

நம் மகன் இன்று மதியம் திருச்சியிலிருந்து பழைய டிரெய்லர் ஒன்றை டிராக்டரில் பூட்டி இழுத்து வந்து வாசலில் நிறுத்தினான். இறங்கியதும் என்னைக் கட்டிக்கொண்டான். சட்டையெல்லாம் கிரீஸ் வாசம். நீங்கள் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு உடனே உங்கள் ஞாபகம்தான் வந்தது, மாமா.

நமக்குக் குத்தகை நிலம் கிடைத்த முதல் சம்பா அது. செங்கொடி ஏற்றிய வீட்டு நெல்லுக்குப் பண்ணை வண்டி வராது என்று பண்ணையார் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அறுத்த நெல் ராத்திரி களத்தில் கிடந்தால் பண்ணை ஆட்கள் அள்ளிப் போய்விடுவார்கள். தலைச்சுமையாக எவ்வளவுதான் வீடு சேர்ப்பது? பட்டுக்கோட்டையில் தேங்காய் வியாபாரி ஒருவர் லாரி வாங்கிவிட்டு மாட்டுவண்டியை விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் உங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. கீழ்வேளூரிலிருந்து உழவு மாடுகளை ஓட்டிக்கொண்டு நடந்தே கிளம்பினீர்கள். நானும் வருவேன் என்று பிடிவாதமாக ஒட்டிக்கொண்டேன்.

திரும்பும்போது உங்களைப் பார்க்க வேண்டுமே! "சத்தத்தக் கேட்டியா புள்ள, நம்ம வண்டி!" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். பாதி வழியில் அந்தச் சத்தம் மாறியது. சக்கரத்தின் இரும்புப் பட்டை கழன்று தனியாக உருண்டு ஓட, நீங்கள் அதன் பின்னால் ஓடினீர்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

நம் ஊர் வண்டிகள் தினமும் வாய்க்காலில் இறங்கி ஏறுபவை. காய்ந்த சக்கரத்தை நாம் எங்கே கண்டோம்? கொட்டகையில் சும்மா கிடந்த மரம் சுருங்கியிருக்கும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. பட்டையை அடித்து மாட்டி, வண்டியை அப்படியே வாய்க்காலில் இறக்கினோம். இடுப்பளவு தண்ணீரில் நின்று சக்கரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தீர்கள்.

"அறுப்புக்குள்ள போயிடுவமா புள்ள?"

"போயிடுவம் மாமா. மரம் ஊறட்டும், பேசாம நில்லுங்க."

பொழுது சாயும்போது பட்டை கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. நீங்கள் தண்ணீரை வாரி என் மேல் அடித்துக் கூத்தாடினீர்கள்.

அறுப்பன்று வெளிச்சம் இருக்கும்போதே கடைசி மூட்டையும் ஏறிவிட்டது. பண்ணை வீட்டு வாசல் வழியாகத்தான் ஓட்டுவேன் என்று ஓட்டினீர்கள். நான் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இல்லை.

சற்றுமுன் ஒரு குடம் தண்ணீரை டிரெய்லர் சக்கரத்தில் ஊற்றினேன். "அம்மா, இது ரப்பரும்மா!" என்று மகன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். ரப்பர் என்று எனக்கும் தெரியும். இன்னொரு சக்கரம் பாக்கி இருக்கிறது, மாமா. குடத்தை எடுத்துக்கொண்டு போகிறேன்.