போய்ச் சேராத நொதி

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் வெள்ளை. செல்களைச் சுழற்றி டியூபின் அடியில் ஒதுக்கினால், உடைந்த அரிசி மாதிரி ஒரு துளி. நிறச்செல் என்ற பெயர்தான் மிச்சம்.

இவை என் தங்கையின் செல்கள். போன வருடம் கையெழுத்துப் போட்டு, கையிலிருந்து கடுகளவு தோல் கொடுத்தாள். பிறந்ததிலிருந்தே அவளுக்குத் தலைமுடி, இமைமுடி எல்லாம் வெள்ளை. "எனக்கு நிறம் செய்யவே தெரியாதா அக்கா? இல்ல தெரிஞ்சும் எங்கயோ சிக்கிக்கிச்சா?" என்று கேட்டாள். கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்று நானும் பெரிய மனுஷி மாதிரி வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 6

எழுதினால் தெளியும். நிறம் செய்யும் நொதி செல்லுக்குள் ஓரிடத்தில் உருவாகிறது. நிறம் உண்டாவதோ வேறிடத்தில், குட்டிப் பைகளுக்குள். நொதியை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கவே சில புரதங்கள் உண்டு. தங்கைக்கு அதில் ஒன்று பழுது. நொதி வழிமாறிக் கழிவுப் பைக்குள் போய் அழிகிறது.

பழுதான புரதத்துக்குச் சரியான மரபணுவை உள்ளே விட்டு மூன்று வாரமாயிற்று. அடையாளத்துக்குப் பச்சைச் சாயம் ஏற்றிப் பார்த்தால், நுண்ணோக்கியில் நொதி மின்னுகிறது, சேரவேண்டிய பையிலேயே! அப்புறம் ஏன் கறுக்க மாட்டேன் என்கிறது?

மார்ச் 10

துறைத் தலைவி கூப்பிட்டார். "மாசக் கடைசி வரைக்கும் பாருங்கம்மா. அப்புறம் இத மூட்டை கட்டிட்டு வேற வேலைய ஆரம்பிக்கணும்." தங்கைக்கு என்ன பதில் சொல்வேன்?

மார்ச் 11

வெள்ளை.

மார்ச் 13

அடிப்பாவி! என்னைத்தான் சொல்கிறேன்.

கறுப்பு ஏறினால் நுண்ணோக்கியில் பச்சை தெரியாது. அதனால் பார்வைக்கு வைக்கும் செல்களின் தீனியில் கறுப்பைத் தடுக்கும் மருந்து கலப்போம். அந்தப் பாட்டிலிலிருந்தே டியூபுக்குப் போகும் செல்களுக்கும் ஊற்றியிருக்கிறேன். நானே கலந்தது, நானே பெயர் ஒட்டியது. நொதி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது; அதன் கையைக் கட்டிப்போட்டவள் நான்.

எங்கள் ஆய்வகத்தில் நுண்ணோக்கியைக் கவனிக்கும் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "நாலு வாரமா மருந்த ஊத்திட்டு, கறுக்கல கறுக்கலன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்களாக்கும்!" நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரிப்பு வந்தது.

மார்ச் 14

மருந்தில்லாத தீனி. இரண்டு தட்டு: மரபணு விட்டது ஒன்று, விடாதது ஒன்று. பாட்டிலில் ஒட்டிய பெயரை மூன்று முறை படித்துவிட்டுத்தான் ஊற்றினேன்.

மார்ச் 17

தங்கை போன் செய்தாள். "என் செல்லுங்களுக்கு நேரத்துக்குச் சோறு போடுறியா?" போடுறேன் போடுறேன் என்றேன். என்ன சோறு போட்டேன் என்று சொல்லவில்லை.

மார்ச் 19

லேசான பழுப்பா? இல்லை, என் ஆசையா?

மார்ச் 24, திங்கள்

தங்கையை ஆய்வகத்துக்கே வரச் சொன்னேன். அவளுக்குப் பார்வை மந்தம். இரண்டு டியூபையும் மூக்கை ஒட்டிப் பிடித்துப் பார்த்தாள். ஒன்றில் வெள்ளைத் துளி. மரபணு விட்டதில் கன்னங்கரேலென்று ஒரு துளி.

"இது நானா?"

"நீயேதான்டி. நொதி எப்பவும் உங்கிட்ட இருந்துச்சு. கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் ஆள் இல்ல."

அவள் என் போனைப் பிடுங்கி அம்மாவைக் கூப்பிட்டாள். "அம்மா, உன் சின்னப் பொண்ணு நல்ல கறுப்பும்மா!" சொல்லிவிட்டு மறுபடியும் டியூபை மூக்கருகே கொண்டுபோனாள். போனை வாங்கி நான்தான் விஷயத்தைச் சொன்னேன்.

அம்மா முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "ரெண்டு பேரும் சாப்டீங்களா?" என்றாள்.