ஆட்டுப்பண்ணைக்கு வந்த லாமா

ஒஷாவா, கனடா,
கார்த்திகை 1996

அன்புள்ள தர்மினிக்கு,

நீரும் ஆரபியும் சுகந்தானே? உமது மூச்சுமுட்டு இப்போது எப்படி? எனக்கு ஒரு குறையுமில்லை.

பண்ணை முதலாளி அதாஉல்லா நானா, ஆடுகளை நரி பிடிக்காமலிருக்கக் காவலுக்கு ஒரு லாமா வாங்கியிருக்கிறார். ஒட்டகத்தின் கழுத்தும் செம்மறியின் கம்பளியுமாக ஒரு விநோதப் பிராணி. காதை நிமிர்த்திக்கொண்டு நாள் முழுக்கக் காட்டையே பார்த்தபடி நிற்கும்.

நேற்றுப் பின்னேரம் ஒரே பனிமூட்டம். காட்டுக்குள் குட்டியொன்று கத்துவது கேட்டு, பிடித்துவரலாம் என்று படலையைத் திறந்தேன். லாமா ஓடிவந்து குறுக்கே நின்று என்னை நெஞ்சால் தள்ளியது. அது கனைத்த சத்தம் மனிதர் அலறுவதுபோல் இருந்தது.

நானா கொட்டிலுக்குள்ளிருந்து கத்தினார். "குகன், குட்டியள் எல்லாம் இஞ்ச உள்ளுக்குத்தான் நிக்குது. படலையைப் பூட்டிப்போட்டு வாரும்!"

"அப்ப உங்க காட்டுக்குள்ள கத்துறது என்ன, நானா?"

விடிந்ததும் போய்ப் பார்த்தோம். மரங்களின் கீழ்க் கிடந்த ஸ்னோவில் ஒரு காலடிகூட இல்லை. காற்றாக இருக்கும், நீர் யோசிக்க வேண்டாம்.

ஆராவது இங்கே வந்தால் மிளகாய்த்தூள் கொஞ்சம் கொடுத்துவிடும். இன்னுமொன்று. நான் வெளிக்கிடும்போது ஆரபிக்குப் பேச்சு வரவில்லை. அவள் "அப்பா" என்று கூப்பிடுவதைக் கசெற்றில் பதிந்து அனுப்பும். நேற்று, படலையைப் பூட்டிய பிறகு, காட்டுக்குள்ளிருந்து அப்படித்தான் ஒரு பிள்ளைக் குரல் கூப்பிட்டது. அவளுடைய குரல் அதுவல்ல என்று எனக்குத் தெரியவேண்டும்.

நானா தபாலுக்கு வெளிக்கிடுகிறார், நிறுத்துகிறேன்.

உமது,
குகதாசன்