சாய்ந்த கல்லும் கயல் என்ற பெயரும்

திராட்சைப் பந்தலுக்குப் புதுக் கல்தூண்கள் ஊன்ற இன்று காலை தேவதானப்பட்டியிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். வடக்கு மூலையில் நீ ஊன்றிய கல் சாய்ந்து நிற்கிறதே, அதைப் பார்த்து மேஸ்திரி சிரித்தார். "இதை யாரு நட்டாக? பிடுங்கிருவோமா?"

"என் கூட்டாளி நட்டதுண்ணே. அது நிக்கட்டும்" என்றேன். குரல் கொஞ்சம் கடுமையாகவே வந்துவிட்டது. "நேராத்தான்டா நிக்கிது, உன் கண்ணுதான் கோணை" என்று கடைசிவரை சாதித்தவன் நீ.

அந்தக் கல்தான் என்னை உன்னிடம் காட்டிக்கொடுத்தது. இணையத்தில் ஒரு தோட்டக் குழுவில் நான் பெண் பெயரில் இருந்தேன். முதலில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. எங்கள் ஊர் சுருளிப்பட்டியில் எல்லோருக்கும் நான் இன்னாருடைய மகன். குழுவில் யாருக்கும் என்னைப் பற்றி எதுவும் தெரியாது. ஒரு பெயர் வைத்தேன், ஒரே வாரத்தில் சலித்தது. அடுத்தது அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. மூன்றாவதாகக் கயல். "கயல், உங்க ரோஜா பூத்துருச்சா?" என்று முகம் தெரியாத ஓர் அக்கா கேட்டபோது, கூப்பிட்டது என்னைத்தான் என்று உடம்புக்கே தெரிந்தது. அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே கொடிக்கு மருந்தடித்தேன்.

பிறகு குளிர்விட்டுப்போய்ப் பந்தலையே படமெடுத்துப் போட்டேன். என் முகம் விழாமல் பார்த்துக்கொண்ட எனக்கு, படத்தின் மூலையில் உன் சாய்ந்த கல் விழுந்திருந்தது தெரியவில்லை. நீயும் அந்தக் குழுவில் இருப்பாய் என்று யார் கண்டது? "கயல், அந்த மூலைக் கல்லை நட்டவர் நல்ல வேலைக்காரர்" என்று உன் சொந்தப் பெயரிலேயே எழுதியிருந்தாய். ஊரில் ஒரு காதில் விழுந்தால் போதும், அப்புறம் வீட்டுக்குள் கால் வைக்க முடியாது.

மறுநாள் கொடிகளுக்குக் கவாத்து வெட்ட வந்தாய். பாதிப் பந்தலை வெட்டி முடித்தோம். பிறகு கத்தரியை நிறுத்தாமலே கேட்டாய்.

"ஏலே, உன்னைய எப்பிடிக் கூப்பிடணும்?"

"மாப்ளன்னே கூப்பிடு."

"சரி. அங்கன கயலு, இங்கன மாப்ள. நீ சொல்றன்னைக்கு மாத்திக்கிருவோம்."

நீ யாரிடமும் மூச்சுவிடவில்லை. குழுவில் கயலுக்கு 'வாங்க, போங்க' என்று அத்தனை மரியாதை. தோட்டத்தில் மாப்ளைக்கு வாய் நிறைய வசவு. நான்தான் சொல்லும் நாளைத் தள்ளிக்கொண்டே போனேன். அறுவடை முடியட்டும், தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்று. அதற்குள் உனக்குக் காமாலை முற்றிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கண்ணையே பார்த்து, "என்ன மாப்ள, சொல்லணுமா?" என்றாய். எதைக் கேட்கிறாய் என்று தெரிந்தும், "ஒன்னுமில்ல, நீ தூங்கு" என்றேன். நீ மறுபடி கண் திறக்கவே இல்லை. சொல்லாமல் விட்டதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சாயங்காலம் மேஸ்திரி கிளம்பும்போது, மீதிக் கல் வந்ததும் கூப்பிடுகிறேன் என்று என் நம்பரை வாங்கினார். "என்ன பேருல போட?"

என் கை உன் கல்லின் மேல் இருந்தது.

"கயல்னு போடுங்கண்ணே."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து எழுத்து எழுத்தாகத் தட்டினார். "சரி கயலு, கல்லு நாளைக்கு வந்துரும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

இந்த மண்ணில் அந்தப் பெயரைச் சொல்லி என்னை முதலில் கூப்பிட்டது ஒரு வெளியூர்க்காரர். அது நீயாக இருந்திருக்க வேண்டும்.