ஒன் பேரைச் சுத்தி கறுப்புக் கோடு

டேய் மைமூஞ்சி,

காலைல காப்பி குடிச்சிக்கினு இருந்தேன், போன் டிங்குன்னுச்சு. தொறந்தா நீ. ரோஜாப்பூவுக்கு நடுவுல, தலையச் சீவிக்கினு, சினிமாக்காரனாட்டம் கீற. கீழ ஒன் காரியத் தேதி. ஒன் புள்ள அனுப்பிக்கீறான். நம்ம நகரி ஊருக்கே கருமாதிப் பத்திரிகை அடிச்சவன் நீ, ஒனக்குப் பத்திரிகை போன்ல. அதுக்கும் ஒருத்தன் கட்டைவெரலத் தூக்கிக் காட்டிக்கீறான். சிரிப்பும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு.

ஒன் பிரஸ்ல நீ அச்சு கோப்ப, நான் மிஷினு மிதிப்பேன். ஊரு ஒன்ன மொதலாளின்னும், நான் மட்டும் மைமூஞ்சின்னுவேன். முகூர்த்த மாசம்னா துன்னக்கூட நேரம் கெடையாது. ஒரு பக்கம் தமிழு, ஒரு பக்கம் தெலுங்குன்னு கல்யாணப் பத்திரிகை குமிஞ்சி கெடக்கும். மொதல்ல அது போச்சு, திருப்பதில கலர் கலரா அடிச்சிக்கினாங்க. அப்புறம் பில் புக்கு போச்சு. "சாவு நம்மள வுட்டுப் போவாதுடா"ன்னு சிரிச்ச. அதுவும் போனுக்குள்ள பூடுச்சு.

ஒன் புள்ளகிட்ட போனேன். முன்னாடி ரூமுல கம்ப்யூட்டர்ல பிளெக்ஸ் போட்டுக்கினு இருந்தான். மிஷினு பின்னாடி சாக்கு மூடிக் கெடக்குது. ஒங்கப்பனுக்குக் காகிதத்துல அடிக்கணும்டான்னேன்.

"எல்லாருக்கும் அனுப்பியாச்சு பெர்ப்பா. பேப்பர யாரு வெச்சிக்கறாங்க?"

"கருமாதிப் பத்திரிகைய எவன்டா வெச்சிக்குவான்? படிச்சதும் கிழிச்சிப் போடறதுதான வழக்கம். ஒங்கப்பன் பேரக் கிழிக்கவாவது நாலு பேரு வேணாவா?"

அவன் எழுந்து வந்து சாக்க இஸ்தான்.

நாலாவதோட நின்னவன் நான். எழுத்தக் கத்துக்கினதே ஒன் அச்சுப் பெட்டியிலதான், அதுவும் கண்ணாடில தெரியறாப்ல எடவலமா. ஒன் பேரக் கோக்கவே மத்தியானம் ஆயிடுச்சு. சுத்திக் கறுப்புக் கோடு வெக்கும்போது கை வர்ல. மிதிக்கக் காலும் வர்ல, ஒன் புள்ளதான் மிதிச்சான். மொதத் தாள எடுத்துப் பாத்தவன் அங்கயே குந்திக்கினு அழுதான். போன்ல அனுப்பும்போது அழுகையே வர்லயாம்.

தெருத் தெருவா நானே போய்க் குடுத்தேன். வூட்டுக்குள்ள போவக் கூடாது, போய்ட்டு வரேன்னு சொல்லக் கூடாது, வாசல்லயே குடுத்துட்டுத் திரும்பிடணும். எல்லாரும் வாய்விட்டுப் படிச்சாங்க. அப்புறம் வழக்கம் மாறாம கிழிச்சாங்க. அந்தச் சத்தம் கேட்டப்பதான் நீ செத்ததே எனக்கு ஒறைச்சிச்சு.

ஒண்ணு மிச்சம், என் பங்கு. நான் கிழிக்கல. மடிச்சி சட்டை ஜோபியில வெச்சிக்கீறேன். அத வூட்ல வெக்கக் கூடாதுன்னு எங்கூட்டுக்காரி திட்டிக்கினே கீறா. வூட்ல எங்கடி வெச்சேன், ஜோபியிலதான கீதுன்னு சொல்லிட்டேன்.